சனிக்கிழமை இரும்பு

ஜூலை 3, திங்கள்

விடியுமுன்னே பிடித்த மழை. பவானிப்பூரில் முழங்கால் தண்ணி. டிராம் கிடையாது. ஆபீசுக்கு நடை. குடையில் ரெண்டு கம்பி போச்சு, இடதுகால் செருப்பு போச்சு. மிச்சம் இருந்த மானம் பத்தரை மணிக்குப் போச்சு.

பெரிய துரை கூப்பிட்டு விட்டார். மேஜையில் ஒரு காகிதம். பார்த்ததும் தெரிந்தது, என் எழுத்து. அஞ்சு வருஷத்துக்கு முந்தி நான் எழுதின சாமான் பட்டியல்.

எல்லாத்தையும் வரிசையா எழுதி வைக்கேன். நாளைக்குப் போலீஸ்காரன் கேட்டால் முழிக்கக் கூடாது.

யுத்த சமயம் இங்கே இருந்த ஒரு ஜெர்மன் கம்பெனியைச் சர்க்கார் பூட்டி ஏலம் போட்டது. அதில் துரை ஒரு காரும், அதோடு சேர்ந்த உபரிச் சாமானும் எடுத்தார். சாமான் எல்லாம் எங்க குடோன் வழியாத்தான் வந்தது. குடோன் கிளார்க் நான். மொத்தம் 41 உருப்படி. நான் எழுதி, நான் கையெழுத்துப் போட்டது. அடுத்த வருஷம் என் மச்சினன் சண்முகத்தை (சிவகாமி தம்பி) திருநெல்வேலியிலிருந்து வரவழைத்து அந்தக் காருக்கு டிரைவராச் சேர்த்துவிட்டேன். வண்டியும் சாமானும் அன்றிலிருந்து அவன் பொறுப்பு.

போன வெள்ளிக்கிழமை வண்டி ரோட்டுத் தண்ணியில் இறங்கி நின்றுபோச்சு. மேக்னெட்டோ எரிந்துவிட்டது. எஞ்சினுக்குப் பொறி கொடுக்கிற சாமான் அதுதான். அது செத்தால் கார் வெறும் கட்டில். சீமையிலிருந்து புதுசு வரவழைக்க மாசக்கணக்கு ஆகும், அதுவும் ஜெர்மன் சாமான், வந்தால் உண்டு.

துரை பென்சிலால் கடைசி வரியைத் தட்டினார். "நாற்பத்தொன்று. படி."

படித்தேன். "உபரி மேக்னெட்டோ, பெட்டியுடன், ஒன்று."

"எங்கே அது?"

எனக்கு என்ன தெரியும். அலிப்பூர் பங்களா கராஜில் இருக்கணும் என்றேன். இல்லையாம். ஞாயிறு முழுக்கத் தோட்டக்காரனை விட்டு மூலை முடுக்கெல்லாம் தேடியாச்சாம். "உன் மைத்துனன் விற்றுத் தின்றுவிட்டான், பிள்ளை. சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணி. அதற்குள் என் வண்டிக்கு ஒரு மேக்னெட்டோ வரவேண்டும். இல்லாவிட்டால் அவனைப் போலீசில் கொடுப்பேன்."

இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். ஒரு ஆணி குறைந்ததில்லை என் குடோனில். அவனைச் சிபாரிசு பண்ணின வாய்க்கு எனக்கு இது வேணும்.

சாயங்காலம் சண்முகம் வீட்டுக்கு வந்தான். கேட்டேன். "அப்படி ஒரு பெட்டியை நான் கண்ணாலயும் பாக்கல அத்தான்" என்கிறான். கண்ணைச் சிமிட்டாமல் சொல்லுதான். சவத்து மூதி.

சிவகாமி அடுப்படியில் நின்று அழுகிறாள். ஆவணியில் அவனுக்குக் கல்யாணம். பாளையங்கோட்டைப் பொண்ணு. பத்திரிகை அடிக்கக் கொடுத்தாச்சு. மாப்பிள்ளை ஜெயிலில் என்று அச்சடிக்க வேண்டியதுதான்.

கீழ்வீட்டு வங்காளி மாசிமா இலிஷ் மீன் பொரிக்கிறாள். மாடிவரைக்கும் நாற்றம். இன்னிக்கு அதையும் சேர்த்துச் சகிக்க என்னால் ஆகாது. ஜன்னலை அடித்துச் சாத்தினேன். கொண்டி கையோடு வந்துட்டு.


ஜூலை 4, செவ்வாய்

தூறல். புழுக்கம்.

முடிவு: செகண்ட் ஹாண்டில் ஒன்று தேடிப் பிடிக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள். சனி கடைசி நாள் என்றாலும் சனிக்கிழமை நான் இரும்பு வாங்குகிறதில்லை. எங்க அப்பா காலத்திலிருந்து கிடையாது. சனியன்று இரும்பை வாங்கினால் சனியனையே வாங்கினமாதிரி.

குடோனில் வேறு ஒரு எளவு. வாசலில் ஆணிச் சாக்கு நனைந்து கிடக்கு. போன சனிக்கிழமை வந்தது, நான் உள்ளே ஏற்றவில்லை, வழக்கம்போல் வராந்தாவில் வைத்துச் சீட்டுக் கட்டினேன்: "சனி வந்தது. திங்கள் ஏற்றவும்." நேற்று துரை போட்ட போட்டில் மறந்தே போச்சு. ஹரிபதா பாபு (பக்கத்து மேஜை, வாய்க்கொழுப்பு ஜாஸ்தி) சிரிக்கிறார். "பிள்ளை பாபு, உங்க சனீஸ்வரனுக்கு ஆணின்னா ஆகாது, துரு ஆகுமா?"

போம்வே என்று தமிழில் ஏசினேன். புரியாததால் இன்னும் சிரித்தார்.

சாக்கு ஊறிப்போச்சு. சீட்டு மட்டும் அப்படியே இருக்கு. துணி ஒட்டின அட்டையில் எழுதி வார்னிஷ் தடவுகிறது நான் கண்ட முறை. தமிழில்தான் எழுதுவேன், கண்டவனும் படித்துவிட்டு எனக்கு யோசனை சொல்லக் கூடாது பாருங்க.

மூணு மணிக்கு லீவு சொல்லிவிட்டு சாந்தினி பஜார். சண்முகம் ஒரு காகிதத்தில் அளவு எழுதித் தந்திருந்தான். அடிப்பலகை உயரம், தண்டு கனம், எந்தப் பக்கம் சுற்றணும், எல்லாம். கை நடுங்காமல் எழுதியிருக்கான். திருட்டுப்பயலுக்கு எழுத்து மட்டும் முத்துமுத்தா.

கண்டது:

- முதல் கடை: இத்தாலிச் சாமான். "ஜெர்மன், இத்தாலி எல்லாம் ஒண்ணுதான் பாபு." அடிப்பலகை முக்கால் விரல் உயரம் ஜாஸ்தி. ராவிக்கிடலாமாம். உன் மூக்கை ராவு.
- ரெண்டாம் கடை: லாரியில் கழற்றினது. எதிர்ப்பக்கம் சுற்றுது. "வண்டியைப் பின்னால ஓட்டுனா சரியா இருக்கும்" என்றான் கடைக்காரன், கூட நின்ற நாலு பேர் கெக்கெக்கென்று சிரிப்பு.
- மூணாம் கடை: ஜெர்மன்தான். அளவும் சரி. காந்தம் செத்தது. என் சாவிக்கொத்தைக்கூட இழுக்கலை.
- நாலாம் கடை: கருப்புப் பெயிண்ட் பளபளவென்று. உள்ளே கம்பிச்சுருளே கிடையாது, எலி முடிதான்.
- அஞ்சாம் கடை: "உயிர் இருக்கா பாருங்க பாபு, இங்கன விரலை வையுங்க." வைத்தேன். அவன் தண்டைச் சுற்றினான். தோள்பட்டைவரைக்கும் சுளீர். உயிர் இருக்கு. என் வண்டிக்குச் சேராத வேறு ஏதோ ஒரு வண்டிச் சாமானில் உயிர் இருக்கு.

விரல் இப்பவும் மரத்துப்போயிருக்கு. எழுத்து கோணுது.


ஜூலை 5, புதன்

மழை விட்டது. வெயில். அதுவும் நல்லதுக்கில்லை, தெருவெல்லாம் ஆவி.

ஜாதவ்பூரில் ஒரு தோட்டவீட்டில் இதே ஜாதிக் கார் ஒன்று ஓடாமல் நிற்கிறதாக ஹ.பாபு சொன்னார். அவருக்குத் தூரத்து உறவு. போனேன். பாலிகஞ்ச் தாண்டிக் குதிரைவண்டி, பிறகு வண்டிக்காரன் சேற்றில் இறங்கமாட்டேன் என்றான், பிறகு நடை.

வீட்டுக்கார பாபு பெரிய மனுஷர், நல்ல மரியாதை. உட்காரவைத்தார். சந்தேஷ் மிட்டாய். டீ. அவர் தாத்தா சரித்திரம். அப்பா சரித்திரம். கார் வாங்கின சரித்திரம். காரில் ஏறி முதல்நாள் அத்தை மயக்கம் போட்ட சரித்திரம். ஒன்றே முக்கால் மணி நேரம். நான் சிரித்துத் தலையாட்டுகிறேன்.

கடைசியில் எழுந்து காட்டினார். மாமரத்துக்கடியில் நம்ம துரை வண்டியின் கூடப்பிறந்த பிறப்பு. பின் ஸீட்டில் கோழி முட்டையிட்டிருக்கு. பானெட்டைத் தூக்கினேன். மேக்னெட்டோ இருக்கவேண்டிய இடம் மொட்டை.

"அதுவா? இதோ" என்று குளக்கரைக்குக் கூட்டிப்போனார். லாடம்போல் வளைந்த காந்தம் மூணையும் தனியாக் கழற்றி, சேர்த்துக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கு. குளத்தில் விழுகிற வாளி, கரண்டி எல்லாம் எடுக்கிறாங்களாம். "ரொம்ப நல்ல காந்தம்! போன மாசம் என் மனைவி சாவிக்கொத்து விழுந்தது, ஒரே இழுப்பில் வந்தது."

மிச்சம் எங்கே என்றேன். கம்பிச்சுருளைப் பிரித்து அவரைப்பந்தல் கட்டினதாகச் சொன்னார். பந்தலையும் காட்டினார். அவரைக்காய் நல்லாக் காய்ச்சிருக்கு.

வாயைத் திறந்தால் கெட்டவார்த்தை வரும் என்று நமஸ்காரம் போட்டுவிட்டு நடந்தேன். வாசல்வரை வந்து ஒரு உபகாரம் செய்தார்: "அந்த ஜெர்மன்காரங்க ஏலத்துல மிச்சம் மீதியை எடைபோட்டு எடுத்தது ஒரு கரீம் மிஸ்திரி. சாந்த்ராகாச்சியில் ரயில்வே யார்டுக்குப் பின்னால ஷெட் போட்டிருக்கான். கேட்டுப் பாருங்க."

இதை முதல் வாய் டீயோடு சொல்லியிருக்கக் கூடாதா?

ராத்திரி சாப்பாட்டுக்கு அவரைக்காய்ப் பொரியல். தட்டைத் தள்ளிவிட்டேன். சிவகாமிக்கு ஒன்றும் புரியலை.


ஜூலை 6, வியாழன்

குடோனில் மாதக் கணக்கெடுப்பு. லீவு இல்லை. சாந்த்ராகாச்சி நாளைக்குத்தான்.

இன்றைக்கு நடந்ததை எழுதவேண்டாம் என்று பார்த்தேன். எழுதாவிட்டால் தூக்கம் வராது.

ராத்திரி சண்முகம் சாப்பிட வந்தான். இலை போட்டு சிவகாமி புளிக்குழம்பு ஊற்றினாள். நான் என் யோசனையைச் சொன்னேன். "ஏலே, நாளைக்குக் கரீம் மிஸ்திரிகிட்ட ஒண்ணு எப்படியும் வாங்கிருவேன். துரைகிட்ட நீ ஒரே வார்த்தைதான் சொல்லணும். உபரியை ரிப்பேருக்குக் கொடுத்தேன், மறந்துபோச்சு, மன்னிச்சுக்கிடுங்கன்னு. விஷயம் முடிஞ்சுது."

"சொல்லமாட்டேன் அத்தான்."

"என்னது?"

"பாக்காத சாமானை எப்படி மறக்க முடியும்? மறந்தேன்னு சொன்னா, பாத்தேன்னு ஆயிரும். வித்தேன்னு ஆயிரும். நான் விக்கல. ஜெயிலுக்கே போறேன்."

"அக்கா முகத்தைப் பாருல. கல்யாணம் நிக்குது."

"பொய்சொல்லிக் கட்டுத தாலியும் வேண்டாம்."

எனக்கு மண்டைக்குள் ஜிவ்வென்றது. "பெரிய அரிச்சந்திரன்! பாக்காத சாமானுக்கு ஏம்ல பட்டியல்ல கையெழுத்துப் போட்டே? நாப்பத்தொண்ணும் இருக்குன்னு யாரு போட்டது கையெழுத்து, உங்க தாத்தாவா?"

"நான்தான் போட்டேன்."

"எண்ணிப் பாத்தியா?"

"இல்ல."

"ஏம்ல எண்ணல, கூறுகெட்ட மூதி?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான், குரலை உயர்த்தாமல்: "நீங்க எழுதுன பட்டியல்லா அத்தான். அதை எண்ணிப் பாக்கணும்னு எனக்குத் தோணல."

பழியை என்மேல் திருப்புகிறான் என்று பட்டது. அறைந்துவிட்டேன். இருபத்தாறு வயசு ஆம்பிளையை, கல்யாணம் நிச்சயமானவனை, சோற்றுக்கு முன்னால். ஓங்கி, கன்னத்தில்.

அவன் இலையை மடிக்காமல் எழுந்து கைகழுவிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டான். சிவகாமி அவன் இலையைப் பார்த்தபடி நின்றாள். "அடிச்ச கையாலேயே எடுத்துச் சாப்பிடுங்க, இன்னும் குழம்பு இருக்கு" என்றாள்.

நான் செய்தது சரிதான். திருடினது அவன். நான் ஏன் தலைகுனியணும்.


ஜூலை 7, வெள்ளி

மறுபடி மழை. ஹௌராவில் ரயில் பிடித்து சாந்த்ராகாச்சி. யார்டு முழுக்கச் சேறும் நிலக்கரிக் கரைசலும். மலை மலையாப் பழைய தண்டவாளம், சக்கரம், பாய்லர் தகடு. அதுக்குப் பின்னால் கரீம் மிஸ்திரி ஷெட். தாடி வெள்ளை, கண் கூர்மை. வந்த காரியம் சொன்னதும் பேரம் பேசலை, அளக்கலை. நான் நீட்டின அளவுக் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போனார்.

மரப்பெட்டி ஒன்றைத் தூக்கி வந்து வைத்தார். மூடியைத் திறந்தார். எண்ணெய்த்துணிக்குள்ளே மேக்னெட்டோ. ஒரு கீறல் இல்லை. சாவிக்கொத்தை நீட்டினேன், கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது.

"அந்த ஜெர்மன் ஏலச் சாமான் பாபு. யுத்த நேரத்துல ஜெர்மன் சாமானை வெளியே காட்டினா போலீஸ் தொந்தரவு, அப்படியே மூடி வச்சேன். அப்புறம் கேட்டு வர்றவன் இல்லை. எந்த வண்டிக்குன்னும் எனக்குத் தெரியாது. இந்தச் சீட்டுல எழுதியிருக்கும்னு நினைக்கிறேன். அதனாலதான் அவுக்காம வச்சிருக்கேன். அஞ்சு வருஷமா இதைப் படிக்கிற ஆளு ஒருத்தன் வரலை. நீங்க மதராஸி ஆச்சே, படிச்சுச் சொல்லுங்க."

பெட்டிக் கைப்பிடியில் ஒரு அட்டை. துணி ஒட்டினது. வார்னிஷ் தடவினது. மேலே பிள்ளையார் சுழி.

"சனி வந்தது. திங்கள் ஏற்றவும். துரை வண்டி, உரு. 41."

என் எழுத்து.

ஒரு சக்கரத்தின்மேல் உட்கார்ந்தேன். அவர் குனிந்து, "என்ன எழுதியிருக்கு?" என்கிறார்.

"தெரியலை" என்றேன். "இது தெலுங்கு. எனக்கு வராது."

சொல்லிவிட்டு ஓடி வந்தேன். வாங்கலை. விலைகூடக் கேட்கலை. பாவி, தாய்மொழியையே தெலுங்கு என்று சொல்லிவிட்டு மழையில் ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

ரயிலில் வரும்போது எல்லாம் ஒவ்வொன்றா வந்தது. அஞ்சு வருஷம் எங்கே போயிருந்ததோ அந்த ஞாபகம். அன்று சனிக்கிழமை. துரைக்கு அன்று மாலையே வண்டி வேணும். விளக்கு, டயர், ட்யூப், பித்தளைச் சாமான் நாற்பது உருப்படி வண்டிக்குள் ஏற்றியாச்சு. கடைசியா மாட்டுவண்டியில் தனியா வந்தது இந்தப் பெட்டி. தூக்கிப் பார்த்தேன், இரும்புக் கனம். குடோன் புத்தகத்தில் வரவு வைத்துத்தான் கொடுக்கணும், நான் சனிக்கிழமை இரும்பு வரவு வைக்கமாட்டேன். வராந்தாவில் வைத்துச் சீட்டுக் கட்டினேன். ஆனால் துரை பட்டியலுக்கு நின்றார். அதனால் 41 என்றே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன், திங்கட்கிழமை அனுப்பிவிட்டால் சரியாப்போச்சு என்று. ஏலத்தில் கழிந்த குப்பையும் அதே வராந்தாவில்தான் கிடந்தது. திங்கள் காலையில் நான் வருமுன்னே அதை எடுக்கிறவன் வந்து வராந்தாவில் கிடந்ததை எல்லாம் எடைபோட்டு ஏற்றிப் போயிருக்கான். நான் நினைக்கவே இல்லை. மறந்தேன். முழுக்க மறந்தேன்.

அடேய் கோட்டிக்காரா, மொத்தக் காரே இரும்புதானடா! அது சனிக்கிழமை வந்து சனிக்கிழமை போகலாம், அது துரை பாடு. இந்தச் சின்னப் பெட்டி மட்டும் உன் புத்தகத்தில் ஏறினால் சனியன் உன்னைப் பிடித்துக்கிடுவானோ? இப்ப யாரைப் பிடித்தான் பார்த்தியா? உன்னையே பிடித்திருந்தால்கூடப் பரவாயில்லையே.

அவன் எண்ணிப் பார்க்காமல் போட்டான் கையெழுத்து. நான் எண்ணிப் பார்த்தே பொய்க்கையெழுத்துப் போட்டேன். அறை யாருக்கு விழுந்தது?

இன்னொன்றையும் எழுதுகிறேன், மறைக்கக் கூடாது. ஹௌரா வந்து சேர்கிறதுக்குள் ஒரு யோசனை தோன்றியது. சீட்டைக் கிழித்து எறிந்துவிட்டால்? பெட்டியை வாங்கிக் கொண்டுபோய் "பஜாரில் கிடைத்தது" என்று கொடுத்தால்? எங்க ஆபீசில் அதைப் படிக்கிறவன் நான் ஒருத்தன். என் பேர் தப்பும். துரைக்கு வண்டி ஓடும். சண்முகத்தைப் போலீசில் கொடுக்கமாட்டார். ஆனால் ஆயுசுக்கும் அவனைத் திருடன் என்றுதான் நினைப்பார். நான் இருக்கிறவரை நானும் அவனுக்கு உபகாரம் செய்தவனாத் திரியலாம்.

தூ.

சிவகாமியிடம் சொன்னேன். முதல்லே அவளுக்கு விளங்கலை. விளங்கினதும் என்னை ஏசுவாள் என்று பார்த்தேன். "தம்பிகிட்ட யார் சொல்லுவா, நீங்களா, நானா?" என்று மட்டும் கேட்டாள். நான்தான் என்றேன்.


ஜூலை 8, சனி

மழை. கேட்கவும் வேணுமா.

முதல் ரயிலில் சாந்த்ராகாச்சி. கரீம் மிஸ்திரி ஆச்சரியப்படலை. "தெலுங்கு படிச்சுட்டு வந்தீங்களா?" என்றார். தாடிக்குள் சிரிக்கிறார், நேற்றே தெரிந்திருக்கு மனுஷனுக்கு. நான் சீட்டைப் பிடித்து வாய்விட்டுப் படித்தேன். அர்த்தம் சொன்னேன். எழுதினவன் யார் என்றும் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். நான் கொடுத்ததை எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டார். பெட்டியை என் தோளில் தூக்கி வைத்தவரும் அவரே.

ஆக, சனிக்கிழமை இரும்பு வாங்கியாச்சு. வானம் இடிந்து விழலை. நல்லா நனைந்தேன், அவ்வளவுதான்.

தண்டவாளத்தில் தண்ணி, திரும்புகிற ரயில் மூணு மணி நேரம் தாமதம். ஹௌராவில் மிதவைப் பாலத்தை நடுவில் பிரித்துத் திறந்திருக்கு, கப்பல் போகுதாம்! கூட்டம் கரையில் நிற்கிறது. மணி பதினொன்றேகால். ஒரு மணிக்குக் கெடு. எந்தக் கப்பல்காரன் எந்த ஊருக்குப் போனால் எனக்கென்ன என்று கத்தினேன். படித்துறைக்கு இறங்கி ஒரு டிங்கிப் படகுக்காரனைப் பிடித்தேன். ஆற்றில் அலை. பெட்டியை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். "கனமா இருக்கே பாபு, உள்ளே என்ன?" என்றான். பேசாமல் துடுப்பைப் போடு என்றேன்.

பன்னிரண்டு நாற்பது. துரை அறை. தரையெல்லாம் என் தண்ணி. பெட்டியை மேஜைமேலேயே வைத்தேன், அவர் காகிதங்கள்மேல். சீட்டைக் காட்டினேன். தமிழில் ஒருதரம் படித்து இங்கிலீஷில் சொன்னேன். நடந்தது முழுக்கச் சொன்னேன். ஒன்றும் விடலை.

"ஏன் திங்கட்கிழமை?" என்றார்.

"சனிக்கிழமை இரும்பு வாங்குகிறதில்லை, சார். எங்களில் வழக்கம்."

பென்சிலைக் கீழே வைத்தார். "கார் எதனால் செய்தது, பிள்ளை?"

"இரும்பு, சார்."

"அது என்ன கிழமை வந்தது?"

"சனிக்கிழமை, சார்."

அவர் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சிரிக்கலை. நான் சொன்னேன்: சண்முகத்தின்மேல் குற்றமில்லை என்று ஒரு வரி எழுதித் தரணும், சார். என் குரல் ஜாஸ்தியாப் போச்சு, வெளியே ஹ.பாபு எழுந்து நின்றுவிட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் துரையிடம் நான் கத்தினது இதுதான் முதல்தடவை. எழுதித் தந்தார். எழுதிக்கொண்டே சொன்னார்: "குடோன் சாவியை ஹரிபதாவிடம் கொடுத்துவிடு. திங்கட்கிழமை." அந்தக் கடைசி வார்த்தையை நிறுத்திச் சொன்னார். இனி எனக்கு ஹ.பாபு மேஜை, காப்பி எழுதுகிற வேலை. வேலையிலிருந்து நீக்காததுக்கு நான் கும்பிடணும் போல. கும்பிடலை.

புதுப் பட்டியல் ஒன்று எழுதி டிரைவர் கையெழுத்து வாங்கிவரச் சொன்னார். எழுதினேன். கடைசி வரி: "41. எரிந்த மேக்னெட்டோ, பெட்டியுடன், ஒன்று."

அலிப்பூர். சண்முகம் கராஜ் வாசலில் குந்தியிருந்தான். ஒரு மணி தாண்டியாச்சு, போலீஸ் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தானோ என்னவோ. சட்டை மாற்றி, தலைவாரி இருந்தான். சீட்டைக் கையில் கொடுத்தேன். அவன் படிக்கத் தெரிந்தவன், சொல்லவேண்டிய அவசியமே இல்லை. இருந்தாலும் சொன்னேன். "நான்தாம்ல. நான்தான் அனுப்பல. நான் மறந்தேன். உன்னை அடிச்சது தப்பு."

சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சரி அத்தான்" என்றான். அவ்வளவுதான். துரை எழுதித் தந்த வரியை வாங்கி மடித்து சட்டைப்பையில் வைத்தான்.

மேக்னெட்டோவைப் பூட்டினான். முக்கால் மணி நேரம். கைப்பிடியைச் சுற்றினான், ரெண்டாம் சுற்றில் எஞ்சின் பிடித்தது. கராஜ் முழுக்கப் புகை. அஞ்சு வருஷம் பெட்டிக்குள் கிடந்த சாமான் ரெண்டாம் அழைப்பிலே பேசுது.

பட்டியலையும் பேனாவையும் நீட்டினேன். எஞ்சினை அணைத்துவிட்டு வந்தான். பேனாவை வாங்கலை.

"எண்ணிட்டுப் போடுதேன் அத்தான்."

கோபமாச் சொல்லலை. குத்தலாவும் சொல்லலை. சாதாரணமாத்தான் சொன்னான். எண்ணினான். நான் வாசிக்க வாசிக்க ஒவ்வொன்றையும் வெளியே எடுத்து, கையால் தொட்டு, "இருக்கு" என்றான். விளக்கு, ரெண்டு. இருக்கு. ட்யூப், நாலு. காற்றடித்துப் பார்த்துவிட்டு, இருக்கு. என் எழுத்துக்கு நேரே ஒவ்வொரு வரியிலும் ஒரு புள்ளி வைத்தான். ஒன்றரை மணி நேரம் நின்றேன். நாற்பத்தொன்றுக்குப் பெட்டியைத் திறந்து உள்ளே பார்த்தான். இருக்கு. பிறகுதான் பேனாவை வாங்கினான்.

சாப்பிட வால, அக்கா காத்திருக்கா என்றேன். "நாளைக்கு வாரேன். அக்காகிட்ட சொல்லுங்க" என்றான். ஒரு வார்த்தை என்னை ஏசியிருக்கலாம் பய. ஏசலை. வரும் வழியெல்லாம் நானே என்னை ஏசிக்கொண்டு வந்தேன், வாய்விட்டு, டிராமில் பக்கத்தில் இருந்தவன் எழுந்து போனான்.

சிவகாமி சோறு போட்டாள். மாசிமா வீட்டில் இன்றைக்கும் இலிஷ்.

திங்கள் காலையில் சாவியை ஹ.பாபுவிடம் கொடுக்கணும். மறக்கக் கூடாது.